ஏழாவது கட்டம்

நவம்பர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, மேசை மின்விசிறி தயாரிக்கும் எங்கள் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில் சரக்கு லிஃப்டின் கதவு திறந்தது. லிஃப்ட் அப்போது தரைத்தளத்தில் நின்றிருந்தது. தள்ளுவண்டியை இழுத்தபடி பின்பக்கமாக நடந்துவந்த பேக்கிங் பிரிவுப் பொறுப்பாளர் உள்ளே கால் வைத்தார்.

எனக்குத் தேநீரில் சர்க்கரை ஆகாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்று விசாரணை அதிகாரி கேட்டபோது, இரண்டாம் மாடியில் என் அறையில், சர்க்கரை போட்டு வந்த தேநீரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. வந்த எதையும் திருப்பி அனுப்பாமல் விடமாட்டேன் என்று தொழிற்சாலையில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது.

என் பதவி, ஒருங்கிணைப்பு அலுவலர். ஒரு பிரிவு இன்னொரு பிரிவிடம் கேட்க வேண்டியது எதுவானாலும் சீட்டில் எழுதி என் வழியாகத்தான் கேட்க வேண்டும். என் பிரிவில் மூன்று பேர்: நான், தட்டச்சு செய்யும் அம்மாள், சீட்டுகளை மாடி மாடியாகத் தூக்கிக்கொண்டு போகும் முழங்கால் வலிக்காரர் ஒருவர். முதுகுக்குப் பின்னால் என்னைத் தபால்பெட்டி என்பார்கள். போட்டது உள்ளே போகும், எப்போது வெளியே வரும் என்று தெரியாது என்பது அதன் விளக்கம். எனக்கு வருத்தமில்லை. ஐந்து பிரிவுக்காரர்களோடும் பேசுகிற ஒரே ஆள் நான்தான். அவர்களுக்குள் பேச்சு கிடையாது.

ஏன் கிடையாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நிர்வாகம் அதை மனிதர்களின் குணக்கேடு என்று நினைத்துக்கொண்டிருந்தது. ஒருமுறை வெளியிலிருந்து பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் பிடித்த விஷயம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். பராமரிப்புப் பிரிவுப் பொறுப்பாளருக்குப் பக்கத்தில் பேக்கிங் பொறுப்பாளர் உட்கார்ந்திருந்தார். பராமரிப்புக்காரர் நெடுநேரம் யோசித்து, "இவரு லீவு போடுற நாள் ரொம்ப நல்லா இருக்கும்" என்றார். பயிற்சியாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

அவர்கள் இருவரும் நல்லவர்கள். கெட்டது அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த கணக்கு. ஒரு நாளில் எத்தனை பெட்டி கீழே இறங்கியது என்பதை வைத்துப் பேக்கிங்கை எடைபோடுவார்கள். எத்தனை மணி நேரம் இயந்திரம் நின்றது என்பதை வைத்துப் பராமரிப்பை எடைபோடுவார்கள். நின்ற ஒவ்வொரு மணிக்கும் ஒரு தாமதப் புள்ளி. அந்தப் புள்ளி எந்தப் பிரிவின் தலையில் என்பது உணவுக்கூடச் சுவரில் ஒரு பெரிய பலகையில் வரும். மாத முடிவில் அதிகப் புள்ளி வாங்கிய பிரிவுக்கு அடுத்த மாதம் முழுவதும் சனிக்கிழமை அரைநாள் விடுப்பு கிடையாது. ஆகவே, பழுதுபார்க்க நாமே இயந்திரத்தை நிறுத்தினால் புள்ளி பராமரிப்புக்கு. முரட்டுத்தனமாகப் புழங்கி அதுவே உடைந்தால் புள்ளி பேக்கிங்குக்கு. உடையும்வரை காத்திருப்பது ஒருவருக்கு லாபம், நிறுத்தச் சொல்லாமல் இருப்பது இன்னொருவருக்கு லாபம். இப்படி ஓர் ஏற்பாட்டுக்குள் இரண்டு ஞானிகளைக் கொண்டுவந்து விட்டாலும் ஆறே மாதத்தில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிப்பார்கள்.

இதில் என் பங்கு ஏழாவது கட்டம்.

பழுதுச் சீட்டில் முன்பு ஆறு கட்டங்கள்தான் இருந்தன. வேலை முடிந்த பிறகு யார் தவறு என்று சண்டை வரும். சண்டையை முன்கூட்டியே முடித்துவிட்டால் நல்லது என்று நான் ஏழாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: 'பழுதுக்குக் காரணமான பிரிவு.' அதை நிரப்பி, இரு பிரிவும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு, நான் முத்திரை வைத்தால்தான் வேலை தொடங்கலாம். இதை முடிவு செய்தது மூன்று பேர் கொண்ட குழு. மற்ற இருவர் அன்று விடுப்பு. அதற்குப் பிறகு சண்டைகள் குறையவில்லை, ஆனால் எல்லாம் எழுத்தில் வந்தன. ஒன்பது ஆண்டுகளாக ஒரு தாள்கூடத் தொலையாமல் வைத்திருக்கிறேன்.

பராமரிப்புப் பொறுப்பாளரை எல்லோரும் ஸ்பேனர் என்பார்கள். பேக்கிங் பொறுப்பாளர், ஒட்டும் டேப்பைப் பல்லால் கடித்து அறுக்கிறவர் என்பதால் டேப்பு. ஸ்பேனரின் தங்கையைத்தான் டேப்பு கட்டியிருந்தார். பள்ளி ஆசிரியை. கல்யாணமான புதிதில் சனிக்கிழமை மதியம் ஸ்பேனர் தங்கை வீட்டில்தான் சாப்பிடுவார். பலகை வந்தபிறகு ஒரு மாதம் இவருக்குச் சனிக்கிழமை இருக்காது, மறுமாதம் அவருக்கு இருக்காது. மச்சானும் மாப்பிள்ளையும் சந்தித்துக்கொள்வது பெரும்பாலும் என் சீட்டுகளில்தான்.

லிஃப்ட் விவகாரம் செப்டம்பர் நான்காம் தேதி தொடங்கியது. லிஃப்ட் வந்து நின்றால் மட்டுமே மாடிக் கதவைத் திறக்கவிடும் கொக்கி ஒன்று உண்டு. மூன்றாம் மாடியில் அது தேய்ந்து, லிஃப்ட் இல்லாதபோதும் கதவு திறந்தது. டேப்பு சீட்டு எழுதினார். ஏழாவது கட்டத்தில்: பராமரிப்பு. ஸ்பேனர் அதை அடித்துவிட்டு எழுதினார்: வண்டியால் இடித்து இடித்துக் கெடுத்தது பேக்கிங். டேப்பு பதில் எழுதினார்: எண்ணெய் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று. ஸ்பேனர்: எண்ணெய்க்குப் பதிலாக உங்கள் ஆட்கள் ஒட்டிய டேப்தான் உள்ளே இருக்கிறது. சீட்டு பதினோரு முறை மேலும் கீழும் போனது. முழங்கால் வலிக்காரர், "சார், இந்தச் சீட்டை அந்த லிஃப்ட்லயே வெச்சு அனுப்பிடலாமா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். சிரித்தது நினைவிருக்கிறது.

இதற்கிடையில் டேப்பு அந்தக் கதவைச் சிவப்பு டேப்பால் சுற்றி, 'பார்த்துத் திற' என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார். அவசரத்தில் யாராவது பிரித்துவிடுவார்கள். மறுபடி சுற்றுவார்.

அக்டோபர் இருபதாம் தேதி பொது மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கெட்ட செய்தி சொல்வார்.

"இந்தக் காலாண்டுல தகராறுச் சீட்டு ஒண்ணே ஒண்ணுதான் இருக்குபோல?"

"லிஃப்ட் சீட்டு சார்."

"அதுவும் தீர்ந்துட்டா உங்க பிரிவு வேணுமான்னு பார்க்கணும். அவங்களே பேசிக்கிட்டா நடுவுல ஆள் எதுக்கு, சொல்லுங்க. உங்களைக் கீழே லோடிங் பக்கம் போட்டுக்கலாம். பெட்டி எண்ணுறதுதான், கஷ்டமில்லாத வேலை."

என் அறை அட்டை அடுக்கும் இடமாகும் என்பதை அவர் சொல்லவில்லை. தட்டச்சு அம்மாள் சொன்னார். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. அறையில் இரண்டு ஜன்னல்கள், ஒரு நல்ல மேசை, ஒன்பது ஆண்டுச் சீட்டுகள் இருக்கும் இரும்பு அலமாரி. நான் ஒன்றும் பேராசைக்காரன் கிடையாது. இருப்பது இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

நவம்பர் நான்காம் தேதி, சனிக்கிழமை, அபூர்வமாக இருவருக்கும் விடுப்பு இருந்தது. அந்த மாதம் பெயின்ட் பிரிவு மாட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை டேப்பு தானே என் அறைக்கு வந்தார். கையில் புதிய சீட்டு.

"சார், கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க. என் கையெழுத்தும் மச்சான் கையெழுத்தும் ஒரே தாள்ல. என் கல்யாணப் பதிவுக்கு அப்புறம் இதான் ரெண்டாவது தடவை."

"எப்படி நடந்தது இது?"

"டீச்சர் வேலை சார். சமைச்சதை உள்ளே வெச்சுக் கதவைச் சாத்திட்டா. கையெழுத்து வந்தாத்தான் சாப்பாடு வரும்னுட்டா. மச்சான், 'தங்கச்சி, இது ஆபீஸ் விஷயம், உனக்கெதுக்கு'ன்னாரு. 'அந்தக் கதவுல போய் வரது ஆபீஸா, என் வீட்டுக்காரரா'ன்னா. மனுஷன் அதுக்கப்புறம் வாயைத் திறக்கல. சாப்பிடத்தான் திறந்தாரு."

ஏழாவது கட்டத்தைப் பார்த்தேன். 'இரு பிரிவும் சமமாக' என்று எழுதியிருந்தது. கரும்பலகையில் எழுதிப் பழகியவரின் எழுத்து, ஒவ்வொரு சொல்லும் கோட்டின்மேல் நேராக நின்றது.

"இதை யார் எழுதினது?"

"அவதான். எங்க கையில விட்டா யார் பேரை முதல்ல எழுதறதுன்னு அடிச்சுக்குவோம்னு பேனாவைப் புடுங்கிக்கிட்டா."

வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். போனார். ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கட்டம் சண்டையில்லாமல் நிரம்பியது அன்றுதான். நிரப்பியது தொழிற்சாலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர். அலுவலகத் தாளில் வெளியாளின் எழுத்து இருக்கலாமா என்பது நியாயமான கேள்வி. அதைப் பரிசீலிப்பதற்காகச் சீட்டை மேசையின் மேல் இழுப்பறையில் வைத்தேன்.

புதன்கிழமை ஸ்பேனர் வந்தார்.

"சீட்டு வந்துச்சா சார்? முத்திரை போட்டுக் குடுத்தீங்கன்னா சனிக்கிழமை பசங்களை இறக்கிடுவேன். அரைநாள் வேலைன்னு வெச்சுக்குங்க."

"வந்தது. உங்க மாப்பிள்ளைதான் கொஞ்சம் யோசிக்கணும்ங்கிற மாதிரி சொன்னார்."

"யோசிக்கணுமா? சோத்துக்காகக் காத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டான் சார். அப்ப யோசிக்கலையாமா?"

"பாதிப் பாதின்னா பேக்கிங்குக்கும் ரெண்டு புள்ளி வருதே. ஆளுங்க கேட்டிருப்பாங்க."

அவர் எப்போதும் கதவைச் சாத்திவிட்டுப் போவார். அன்று சாத்தவில்லை.

வியாழக்கிழமை டேப்பு போன் செய்தார். சனிக்கிழமை லிஃப்ட் நிற்குமென்றால் முன்னாடியே பெட்டிகளை இறக்கிவிட வேண்டும், அதற்காகக் கேட்டார்.

"உங்க மச்சான் பக்கத்துல ஏழாவது கட்டத்தை மாத்தணும்னு ஒரு பேச்சு இருக்கு" என்றேன்.

"சரி சார். அவரு அப்படித்தான். என் கல்யாணத்துக்கே சரின்னு சொல்லிட்டு ரெண்டு தடவை மாத்துனவரு" என்று வைத்துவிட்டார்.

நான் சொன்னது ஆளுக்கொரு வாக்கியம். மற்றதெல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. ஒருவரை ஒருவர் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் குட்டு அந்த நிமிடமே வெளிப்பட்டிருக்கும். ஒரே தெருவில்தான் இருவர் வீடும். கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஸ்பேனர் மறுபடி வந்தார். உட்காரவில்லை.

"சார், சீட்டு கெடக்கட்டும். அவன்மேல எனக்குக் கோவம் இருக்கு, இல்லைங்கல. அதுக்காக அந்தக் கதவை அப்படியே விட முடியுமா? பகல் பூரா அந்தப் பக்கம் போய்ட்டு வரான். நாளைக்கு மத்தியானம் எல்லாரும் போனப்புறம் நானே பார்த்து முடிச்சிடறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் அனுமதி கேட்க வரவில்லை, தகவல் சொல்லத்தான் வந்தார். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்து வாசித்துக் காட்டினேன்.

"சீட்டு இல்லாம நிறுத்தினா எட்டுப் புள்ளி. உங்க பிரிவு ஏற்கெனவே நாலுல இருக்கு. பன்னிரண்டு ஆயிட்டா டிசம்பர் முழுக்க உங்க ஆளுங்க பதினெட்டுப் பேருக்கும் சனிக்கிழமை போயிடும். யோசிச்சுக்குங்க."

"யாருக்கும் தெரியாதுங்கறேனே."

"எனக்குத் தெரியுமே."

"ஒரு ஸ்பிரிங்கு சார்" என்றார். பிறகு, "இந்த விதியெல்லாம் உக்காந்து எழுதறது யாரு?" என்று கேட்டார். குழு என்றேன். போய்விட்டார்.

சனிக்கிழமை லிஃப்ட் நிற்கவில்லை. திங்கள் வழக்கம்போல் போனது. செவ்வாய் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். சிவப்பு டேப்பை அன்று காலை யாரோ பிரித்திருந்தார்கள். டேப்பு லிஃப்டின் கூரைமேல் விழுந்தார். மறுநாள் மாலை மருத்துவமனையில் இறந்தார். முதலில் ஓடிப்போய்ப் பள்ளத்தில் இறங்கியது ஸ்பேனர் என்று சொன்னார்கள். நான் இறங்கிப் பார்க்கவில்லை. அது என் பிரிவின் வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை டேப்பு வீட்டுக்குப் போனேன். சின்ன வீடு, வாசல்வரை செருப்பு. ஸ்பேனர் தெருவில், எதிர்ச் சுவரோரம் நின்றிருந்தார். ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டேன். "வராதேன்னுட்டா சார்" என்றார். பிறகு, "அவன்தானே சார் யோசிக்கணும்னான்? நீங்க சொன்னீங்களே. அதை நான் யாருகிட்ட போய்ச் சொல்ல முடியும், செத்தவனைப் பத்தி?" என்றார்.

உள்ளே டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும், அவரை அன்றுதான் பார்த்தேன். எழுந்து நின்றார்.

"உக்காருங்கம்மா."

"அவரு உங்களைப் பத்திச் சொல்லுவாரு சார். எல்லார்கிட்டயும் பேசறவர் நீங்க ஒருத்தர்தான்னு." குரல் உடையவில்லை. வகுப்பில் பேசுகிற குரல். "எங்கண்ணன் கையெழுத்துப் போட்டுட்டு மாத்தணும்னானாமே? வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது அவரு சொன்னாரு. நிஜமா சார்? நீங்க சொன்னா நம்புவேன்."

"இப்போ அதெல்லாம் பேசற நேரம் இல்லம்மா" என்றேன்.

"சரி சார்" என்றார். நல்லபடியாகப் பேசினேன் என்று திரும்பி வரும்போது தோன்றியது.

இனி முழுவதையும் சொல்லிவிடுகிறேன். டேப்பு கையெழுத்தைத் திரும்பப் பெறவில்லை. ஸ்பேனர் எதையும் மாற்றச் சொல்லவில்லை. இருவர் கையெழுத்தும் போட்ட சீட்டு எட்டு நாள் என் இழுப்பறையில் இருந்தது. முத்திரை அதே இழுப்பறையில், ஒரு சாண் தள்ளி இருந்தது. அந்த எட்டு நாளும் நான் சீட்டைப் பரிசீலிக்கவே இல்லை. காலாண்டு முடிய இன்னும் எத்தனை நாள் என்றுதான் எண்ணினேன். கதவு திறக்கும் என்பது எனக்குத் தெரியும். யாராவது விழலாம் என்பதும் தெரியும். டிசம்பர் முப்பத்தொன்றுக்குப் பிறகு விழட்டும் என்றோ, முன்னால் விழட்டும் என்றோ நான் நினைக்கவில்லை. சீட்டு தீராமல் இருக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

இதையெல்லாம் நான்கு பக்கம் எழுதி, தலைமையகத்திலிருந்து வந்திருந்த விசாரணை அதிகாரியிடம் நவம்பர் இருபத்தேழாம் தேதி கொடுத்தேன். மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டால், அந்த அளவுக்குப் பெரிய வார்த்தை வேண்டாம். இருவரில் ஒருவர் பொய் சொன்னார் என்று பதிவாக இருந்தது, அது தவறான பதிவு. ஆவணம் சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு எப்போதும் பிடிவாதம் உண்டு.

அதிகாரி பொறுமையாகப் படித்தார். அவரிடம் இருந்த விசாரணைப் படிவத்தில் ஐந்து பிரிவுகளின் பெயர்கள் அச்சாகியிருந்தன. ஒருங்கிணைப்புப் பிரிவு இயந்திரம் எதையும் இயக்குவதில்லை என்பதால் அதில் இல்லை.

"இதை எங்கே எழுதறது?" என்று கேட்டார்.

"தனித் தாளா இணைச்சுக்கலாம் சார்."

"இணைப்புக்கு எண் வேணுமே" என்றார். யோசித்து, பார்க்கலாம் என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.

டிசம்பர் ஐந்தாம் தேதி முடிவு வந்தது. விபத்துக்குப் பராமரிப்பு, பேக்கிங் ஆகிய இரு பிரிவும் சமமாகப் பொறுப்பு. ஆளுக்கு இருபது புள்ளி. பிரிவுகளுக்கிடையே தொடர்பு போதாமல் இருப்பதால் ஒருங்கிணைப்புப் பிரிவைத் தொடரலாம், இன்னொரு தட்டச்சரும் தரலாம் என்று பரிந்துரை. என் நான்கு பக்கமும் உறையில் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில், 'எந்தப் பிரிவுக்கும் பொருந்தவில்லை. ஒருங்கிணைப்புப் பிரிவின் தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதியிருந்தது. பதிவேட்டில் எண் போட்டு, அலமாரியில் வைத்தேன்.

டீச்சர் வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அண்ணனிடம் சொல்லவில்லை.

லிஃப்ட் டிசம்பர் ஏழாம் தேதி, வியாழக்கிழமை சரிசெய்யப்பட்டது. ஸ்பேனர் தனியாகவே செய்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று.